பின்னுரித்தாளர்

மைனஸ் இருபத்தேழு.
சட்பரிக்கு மேற்கே, கைவிட்ட நிக்கல் சுரங்கத்துக்கு
விண்ணப்பப் படிவத்தோடு போகிறேன்.
வீட்டுக்கு, வாகனத்துக்கு, படகுக்கு,
ஒருமுறை சர்க்கஸ் ஒட்டகம் ஒன்றுக்கும்
காப்புறுதி எழுதியவன் நான்.
இன்று கேட்டிருப்பது
மனிதகுலத்துக்கு.

அப்படித்தான் சொன்னார் ஒடீல் லாஷப்பெல்,
தொலைபேசியில், சிரிக்காமல்.

கூண்டு இறங்குகிறது.
காதடைத்தால் எச்சிலை விழுங்கச் சொல்கிறார்.
ஆயிரத்து நூறு மீற்றர். கல்லுக்கு உடம்புச் சூடு.
மேலே என்னைக் காத்த குளிரங்கியை
இங்கே நான் சுமக்கிறேன்.

இரும்புக் கதவுக்கு அப்பால் எட்டுப் பேர்.
இருநூற்றுப் பத்தாவது நாள்.
அவர்கள் மூச்சைப் பாசி தின்கிறது,
பாசியின் மூச்சை அவர்கள்.
சிறுநீர் நான்கு நாளில் தேநீர்.
வட்டக் கண்ணாடிக்குள் ஒருத்தி
பேன் பார்ப்பதுபோல் உருளைக்கிழங்குச் செடியில்
பழுத்த இலை தேடிக் கிள்ளுகிறாள்.
கையசைத்தேன். அவள் மணியைப் பார்த்தாள்.

"செவ்வாயில் இப்படிப் பத்தாயிரம் பேர்.
பூமிக்கு ஒன்று ஆனாலும்
ஆட்கள் மிஞ்சுவார்கள்" என்றார் ஒடீல்.
விதைநெல், என்று
படிவத்தின் ஓரத்தில் தமிழில் குறித்தேன்.
பஞ்சத்திலும் கைவைக்காதது.
விதைக்க நிலம் இருக்குமா என்பது வேறு பத்தி.

பிறகு என் தொழில் தொடங்கியது.
பம்பின் வளையம் பிய்ந்தால்?
உதிரி இருபது உண்டு.
இருபதும் பிய்ந்தால்?
பிறம்ரனிலிருந்து லொறியில் வரும்.
செவ்வாய்க்கு?

கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.
"ரப்பருக்கு மரம் வேண்டும், இல்லையென்றால் எண்ணெய்.
எண்ணெய்க்கு ஆலை. ஆலைக்கு ஆயிரம் பேர்.
ஆயிரம் பேருக்குப் பல் பிடுங்க ஒருவர்.
அவருடைய குறடுக்கு இன்னொரு ஆலை.
அந்த இடத்தில்தான் நிற்கிறோம்."
பொய் சொல்லாத வாடிக்கையாளரைப்
பத்தொன்பது ஆண்டில் மூன்றாவது முறை பார்க்கிறேன்.

பக்கம் ஆறு. விலக்குகள்.
போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம்:
இழப்பீடு இல்லை.
இந்த வரி வரும்போது மட்டும்
என் வாசிப்பு வேகமெடுக்கும்.
எண்பத்து மூன்றில், வெள்ளவத்தையில்
எங்கள் அச்சகம் சாம்பலான மறுமாதம்
அப்பாவுக்கு இதையே வாசித்தார்கள், நிதானமாக.
செவ்வாயில் பத்தாயிரம் பேர்
எத்தனையாவது ஆண்டில் இரண்டு பக்கமாவார்கள்?
கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

திரும்பி ஏறும்போது சுவரைத் தட்டிக் காட்டினார்.
நூற்றெண்பது கோடி ஆண்டுக்கு முன்
வானத்திலிருந்து ஒரு மலை விழுந்த பள்ளமாம் இந்த ஊர்.
பாறை உருகி, ஆறி, நிக்கல் அடியில் தங்கியது.
அந்த விபத்துக்கு எவரும் உரிமை கோரவில்லை.
இழப்பீட்டை நாங்கள் வந்து தோண்டி எடுத்தோம்,
உருக்கிய புகையில் மரமெல்லாம் கருக்கினோம்.
பிறகு பள்ளிப் பிள்ளைகள் சாக்கில் சுண்ணாம்பு சுமந்து
கறுத்த பாறைமேல் கையால் தூவினார்களாம்.
இப்போது பைன் மரங்கள். குட்டை, கொஞ்சம் கோணல்.
நிற்கின்றன.

கடைசிக் கட்டம்: பின்னுரித்தாளர்.
காப்புறுதி எடுத்தவர் இல்லாதபோது
பணம் யாருக்கு?
"இன்னும் பிறக்காதவர்களுக்கு."
முகவரி?
அவர் வானத்தைக் காட்டவில்லை,
தோளைக் குலுக்கினார்.
அடுத்துக் கைபேசி எண் கேட்பது வழக்கம்.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெளியே என் கார் செத்திருந்தது.
பனி தள்ளும் லொறிக்காரன் ஒருவன் இறங்கி
வயரைக் கொளுவினான். என்ஜின் இருமி உயிர்த்தது.
காசு நீட்டினேன்.
கண்ணாடியை ஏற்று, குளிர் உள்ளே போகிறது,
என்று திட்டிவிட்டுப் போனான்.

வீதி விளக்கடியில் நிறுத்தி, மடிக்கணினியைத் திறந்தேன்.
பரிந்துரை: ஏற்கலாம்.
நிபந்தனை: ஒரு ரப்பர் வளையம்.
பின்னுரித்தாளர் கட்டத்தை
வெறுமையாய் விட்டால் கணினி ஏற்காது.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றது.